ஈயச் சொம்பும் டிரான்சிஸ்டரும்

உங்கள் வீட்டில் ஈயச் சொம்பு இருக்கிறதா? இல்லாவிட்டால் பாட்டி வீட்டில் கேட்டுப் பாருங்கள். ரசம் வைப்பதற்கென்றே வைத்திருக்கும் வெண்ணிறப் பாத்திரம் அது. அதைக் கையாளும்போது பாட்டி ஒன்றை மறக்கமாட்டார். முதலில் புளித்தண்ணீரைச் சொம்பில் ஊற்றுவார்; பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார். வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுத் தண்ணீர் மொண்டுவரப் போனால், திரும்பி வரும்போது சொம்பு இருக்காது. வெள்ளி போல் உருகி ஓடிய குழம்புதான் இருக்கும்.

காரணம் எளியது. சொம்பு செய்யப்பட்ட வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசில் உருகிவிடும். அடுப்புச் சுடரின் வெப்பநிலை அதைப்போல் பல மடங்கு. ஆனால் உள்ளே ரசம் இருக்கும்வரை, அடியிலிருந்து வரும் வெப்பத்தை அது உடனுக்குடன் வாங்கிக்கொள்கிறது. ரசம் ஏறத்தாழ 100 டிகிரியில் கொதித்துக்கொண்டே இருக்கும்; அதற்குமேல் சூடேறாது. ஆகவே சொம்பும் பிழைத்துக்கொள்கிறது. சுடர் எவ்வளவு சூடானது என்று மட்டும் பார்த்தால் இது விளங்காது. வந்த வெப்பம் எங்கே போகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்றும் பார்க்கவேண்டும்.

சமையலைப் பற்றி எழுத வந்தவனல்ல நான். டிரான்சிஸ்டர், எல்.இ.டி., ஐ.சி. போன்ற நுட்பமான எலெக்ட்ரானிக் பாகங்களை வீட்டிலேயே பழுதாக்காமல் பற்றவைப்பது எப்படி என்பதே இங்கு நம் பொருள். ஆனால் பாட்டிக்குத் தெரிந்த அந்த விஷயம் எனக்குத் தெரியாமல் போனதால் ஒரு நஷ்டம் ஏற்பட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1980களின் தொடக்கம். நான் பத்தாம் வகுப்பு. ஒரு சிறிய ஒலிபெருக்கிச் சுற்று கட்டுவதற்காக, மூன்று மாதம் காசு சேர்த்து ஏ.சி.128 என்ற டிரான்சிஸ்டர் ஒன்றை வாங்கியிருந்தேன். விரல் நுனி அளவு உலோகத் தொப்பி, அடியில் மூன்று கால்கள். "டிரான்சிஸ்டருக்குச் சூடு ஆகாது" என்று எங்கோ படித்திருந்தேன். ஆகவே மிகுந்த எச்சரிக்கையோடு, சால்டரிங் அயர்ன் முழுவதும் சூடேறுவதற்கு முன்பே, பாதிச் சூட்டில், மெல்ல மெல்லப் பற்றவைத்தேன். ஒவ்வொரு காலுக்கும் அரை நிமிடமாவது ஆகியிருக்கும். மின்கலத்தை இணைத்தேன். ஒலிபெருக்கியிலிருந்து முனகல்கூட வரவில்லை.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ரேடியோ பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"போயிடுச்சு தம்பி. எவ்வளவு நேரம் அயர்னை வெச்சுப் புடிச்சே?"

"ரொம்பச் சுட்டா கெட்டுப்போயிடும்னு பாதிச் சூட்டிலேயே வெச்சேன் அண்ணே."

"அதனாலதான் செத்துப்போச்சு" என்றார் அவர். பிறகு நன்றாகக் காய்ந்திருந்த தன் அயர்னை எடுத்தார். என் பலகையில் இருந்த இன்னொரு இணைப்பில் தொட்டார், எடுத்தார். நான் "ஒன்று, இரண்டு" என்று எண்ணி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. இணைப்பு வெள்ளிக்காசு போல் பளபளத்தது.

என் குழப்பம் தீரச் சில நாட்களாயின. சூடு குறைந்த அயர்ன் டிரான்சிஸ்டரைக் கொல்கிறது. சூடு மிகுந்த அயர்ன் காப்பாற்றுகிறது! இது எப்படி?

இரண்டு வெப்பநிலைகளின் பந்தயம்

பற்றவைக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பற்றாசு உருக ஏறத்தாழ 183 டிகிரி வேண்டும். டிரான்சிஸ்டரின் உயிரோ அதன் தொப்பிக்குள் இருக்கும் சிறு படிகத்தில் இருக்கிறது. ஏ.சி.128 போன்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களில் அந்தப் படிகம் 75 முதல் 90 டிகிரி வரைதான் தாங்கும். கொதிக்கும் ரசத்தின் சூடுகூட அதற்கு ஆகாது. பற்றாசையும் படிகத்தையும் இணைக்கும் பாலம் உலோகக் கால். உலோகம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அயர்னைக் காலின் நுனியில் வைத்தவுடன் ஒரு பந்தயம் தொடங்கிவிடுகிறது. நுனி 183 டிகிரியைத் தாண்ட வேண்டும். அதற்குள் வெப்பம் கால் வழியாக ஏறிப் படிகத்தைத் தொட்டுவிடக் கூடாது. அயர்னின் முனை 350 டிகிரி அளவில் இருந்தால் நுனி ஓரிரு விநாடியில் சூடேறிவிடும். பற்றாசு உருகிப் பரவும். நீங்கள் அயர்னை எடுத்துவிடுவீர்கள். வெப்பம் பாதி வழிகூடப் போயிருக்காது. முனை 200 டிகிரியில் இருந்தாலோ, நுனி 183ஐ எட்டுவதற்கே திண்டாடும். அதற்குள் வெப்பம் மெதுவாக, ஆனால் இடைவிடாமல், மேலே ஏறிக்கொண்டிருக்கும்.

இன்று உங்கள் கைக்கு வரும் டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் சிலிகனால் ஆனவை. 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தால் ஆனது. 1954இல் சிலிகன் டிரான்சிஸ்டர் விற்பனைக்கு வந்தது. பி.சி.547 போன்ற சிலிகன் டிரான்சிஸ்டரின் படிகம் 150 டிகிரி வரை தாங்கும். என் காலத்து ஏ.சி.128ஐவிட இது முரடன்தான். ஆனாலும் 183க்கு இது இன்னும் கீழேதான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மெழுகைக் கேட்டுப் பாருங்கள்

நான் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். ஒரு பழைய மின்தடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காலில், உடலை ஒட்டினாற்போல், எரியும் மெழுகுவத்தியிலிருந்து ஒரு சொட்டு விட்டு உறையவிடுங்கள். மெழுகு ஏறத்தாழ 60 டிகிரியில் இளகும். மின்தடையை ஒரு மரத்துண்டின் ஓரத்தில் வைத்து, கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு நிறுத்துங்கள். காலின் மறுநுனியில் நன்கு காய்ந்த, சுத்தமான அயர்னை வைத்துப் பற்றாசைத் தொடுங்கள். பற்றாசு உருக எத்தனை விநாடி, மெழுகு இளக எத்தனை விநாடி என்று எண்ணுங்கள்.

இதையே இன்னும் இரண்டு விதமாகச் செய்யுங்கள். முதலில், மெழுகுக்கும் நுனிக்கும் நடுவில் ஒரு மூக்குக் குறடால் காலைக் கவ்விக்கொண்டு செய்யுங்கள். அடுத்து, குறடை எடுத்துவிட்டு, அயர்னைச் செருகிய ஒரு நிமிடத்திலேயே அரைகுறைச் சூட்டோடு செய்யுங்கள். மூன்று முறையும் கிடைத்த விநாடிகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டால், என் டிரான்சிஸ்டர் ஏன் செத்தது என்பது அந்தத் தாளில் இருக்கும்.

குறடு செய்த வேலை, சொம்பில் ரசம் செய்த வேலைதான். கால் வழியே ஏறும் வெப்பத்தைக் குறடின் கனத்த இரும்பு வழியிலேயே வாங்கிக்கொள்கிறது. ஒரு கையில் அயர்ன், ஒரு கையில் பற்றாசுக் கம்பி இருக்கும்போது குறடை யார் பிடிப்பது என்று கேட்பீர்கள். குறடின் கைப்பிடிகளில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டால் அது தானே கவ்விக்கொண்டு நிற்கும். சிறிய முதலைக் கவ்வி ஒன்றும் போதும்.

ஈயம் பூசுபவரிடம் ஒரு பாடம்

முன்பெல்லாம் "ஈயம் பூசறதேய்..." என்று தெருவில் கூவிக்கொண்டு ஒருவர் வருவார். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளீயம் பூசித் தருவார். அவருடைய முறையைக் கவனித்தவர்களுக்குச் சால்டரிங்கை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. முதலில் பாத்திரத்தை மண்ணும் புளியும் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்வார். துருத்தி ஊதிப் பாத்திரத்தைச் சூடாக்குவார். நவச்சாரத் தூளைத் தூவுவார். குப்பென்று வெண்புகை எழும். பிறகு வெள்ளீயத் துண்டைச் சூடான பாத்திரத்தில் தொடுவார். தொட்ட இடத்தில் அது உருகும். துணியால் ஒரு சுழற்று. பாத்திரம் முழுவதும் வெள்ளியாகிவிடும்.

அவர் ஈயத்தைத் தனியே உருக்கிப் பாத்திரத்தில் ஊற்றவில்லை. பாத்திரத்தைச் சூடாக்கினார், பாத்திரம் ஈயத்தை உருக்கியது. புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அயர்னின் முனையில் பற்றாசை உருக்கி எடுத்துவந்து, சூடில்லாத காலின்மேல் அப்புகிறார்கள். அது காலில் ஒட்டாமல் தாமரை இலைத் தண்ணீர் போல் உருண்டு நிற்கும். பார்வைக்கு ஒட்டியதுபோல் தெரியும், மின்சாரம் போகாது. ரேடியோவைத் தட்டினால் பாடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது என்று சொல்வார்களே, அந்த நோய்க்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

நவச்சாரத்தின் வேலை என்ன? சூடான செம்பின்மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்து ஆக்சைடு படலம் ஒன்று உண்டாகும். அந்தப் படலம் இருக்கும்வரை உருகிய ஈயம் உலோகத்தைத் தொடவே முடியாது. நவச்சாரம் படலத்தைக் கரைத்து வழிவிடுகிறது. இத்தகைய பொருளை இளக்கி என்பர். கடையில் கேட்கும்போது பிளக்ஸ் என்று கேளுங்கள். பொற்கொல்லர்கள் இதற்கு வெண்காரம் வைத்துக் குழலால் ஊதுவார்கள். மறைபொருள் வைத்துப் பேசுவதைப் "பொடிவைத்து ஊதுவது" என்கிறோமே, அந்தப் பொடி அவர்கள் பட்டறையிலிருந்து வந்ததுதான்.

ஆனால் நவச்சாரமோ, வாளிக்கு ஓட்டை அடைப்பவர் பயன்படுத்தும் ஆசிட்டோ நமக்கு ஆகாது. ஒருமுறை நான் அந்த ஆசிட்டைத் தொட்டு ஒரு சுற்றைப் பற்றவைத்தேன். பளிச்சென்று ஒட்டியது. ஆறு மாதத்தில் இணைப்பெல்லாம் பச்சைக் களிம்பேறி, மயிரிழை போன்ற கம்பிகள் ஒவ்வொன்றாக இற்று விழுந்தன. எலெக்ட்ரானிக் வேலைக்கு ரோசின் என்னும் பைன் மரப் பிசின்தான் ஏற்றது. சூட்டில் மட்டும் அது அமிலமாக வேலை செய்யும். ஆறியதும் தீங்கற்ற கண்ணாடிப் பூச்சுபோல் உறைந்துவிடும். நல்ல பற்றாசுக் கம்பியின் நடுவே, பென்சிலுக்குள் கரி இருப்பதுபோல், ரோசின் உள்ளேயே இருக்கும்.

கம்பிக்குள் என்ன இருக்கிறது?

கடையில் "சால்டரிங் லெட்" என்று கேட்டால் கிடைக்கும் வழக்கமான கம்பி, வெள்ளீயமும் காரீயமும் கலந்த உலோகக் கலவை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில். காரீயம் உருகுவது 327 டிகிரியில். இரண்டையும் கலந்தால் இடைப்பட்ட ஏதோ ஒரு வெப்பநிலையில் உருகும் என்றுதானே நினைப்போம்? 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை இரண்டுக்கும் கீழே, 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது! பனிக்கட்டியில் உப்பைக் கலந்தால் அதன் உருகுநிலை தாழ்வதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

இந்த 63-37 கலவைக்கு இன்னொரு நற்குணமும் உண்டு. குழம்பு நிலையில் தங்காமல் திரவத்திலிருந்து நேராகத் திண்மமாகிவிடும். வெள்ளீயம் 40, காரீயம் 60 என்று கலந்தால் 238 டிகிரியிலிருந்து 183 வரை களிபோலக் குழைந்து கிடக்கும். குழாய் இணைப்பவர்களுக்கு வழித்து உருவம் கொடுக்க அது வசதி. நமக்கோ தொல்லை. களிநிலையில் கால் சற்றே அசைந்தாலும் உள்ளே விரிசல் விழுந்து, மேற்பரப்பு மங்கி, சொரசொரப்பாகிவிடும்.

காரீயம் நஞ்சு. அதன் காரணமாக ஐரோப்பிய நாடுகள் 2006 ஜூலை முதல் பெரும்பாலான எலெக்ட்ரானிக் கருவிகளில் காரீயத்துக்குத் தடை விதித்தன. வெள்ளீயத்தோடு சிறிது வெள்ளியும் செம்பும், அல்லது செம்பு மட்டும் சேர்ந்த கம்பிகள் புழக்கத்துக்கு வந்தன. இவை 217 முதல் 227 டிகிரி வரை கேட்கின்றன. அதாவது பாகங்களுக்கு ஆபத்து சற்றுக் கூடுகிறது. உங்களுக்கு ஆபத்து குறைகிறது. எதை வாங்குவது? வீட்டில் தவழும் குழந்தையோ சின்னத் தம்பி தங்கையோ இருந்தால் காரீயமில்லாத கம்பியை வாங்குங்கள் என்பேன். வளரும் குழந்தைகளின் மூளையைக் காரீயம் பாதிக்கிறது. இவ்வளவு உடம்பில் சேர்ந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை. சூட்டுக்குத்தான் நாம் வழி கண்டுவிட்டோமே.

இனி அயர்னைக் கையில் எடுப்போம்

முதல் சில நாட்கள் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் மின்சாரத்தோடு பழகப்போகிறீர்கள். 25 வாட் அயர்ன் போதும். மூன்று முள் செருகியுள்ளதாக, முனை எர்த்தோடு இணைந்ததாகப் பார்த்து வாங்குங்கள். அயர்ன் வைப்பதற்குத் தாங்கி அவசியம் வேண்டும். மேசைமேல் சாய்த்துவைத்த அயர்ன் உருளும். உருண்டால் பிடிக்கத் தோன்றும். உருண்டு விழும் அயர்னை ஒருநாளும் பிடிக்காதீர்கள். காலை இழுத்துக்கொண்டு விழவிடுங்கள்.

நான்கைந்து நிமிடம் நன்றாகக் காயவிட்டு, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் முனையை ஒரு துடைப்புத் துடைத்து, உடனே சிறிது பற்றாசைத் தொடுங்கள். முனை முழுவதும் வெள்ளி பூசியதுபோல் ஆகவேண்டும். முனை கறுத்துக் கிடந்தால் எத்தனை வாட் அயர்னாக இருந்தாலும் பயனில்லை. கரிப்படலம் வெப்பத்தைத் தடுக்கும், நீங்கள் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள், விநாடிகள் ஓடும். முனையைச் சுத்தமாக வைத்திருப்பவனுக்குக் குறடுகூட அவ்வளவாகத் தேவைப்படாது என்பது என் அனுபவம். பழைய செம்பு முனைகளை அரம் போட்டுத் தேய்ப்பார்கள். இப்போது வரும் முனைகளில் பலவற்றுக்குச் செம்பின்மேல் இரும்பு முலாம் இருக்கிறது. உருகிய வெள்ளீயம் செம்பைச் சிறுகச் சிறுகக் கரைத்துத் தின்றுவிடும். அதைத் தடுக்கவே இந்த முலாம். அரம் போட்டால் முலாம் போய்விடும். பிறகு முனைக்கு ஆயுள் இல்லை.

பாகத்தின் காலைத் துளையில் செருகிவிட்டீர்கள். அயர்னின் முனை, காலையும் பலகையின் செம்புத் திட்டையும் ஒரே நேரத்தில் தொடவேண்டும். ஒரு விநாடி. எதிர்ப்பக்கத்திலிருந்து பற்றாசுக் கம்பியைக் காலில் தொடுங்கள், அயர்னில் தொடாதீர்கள். உருகிச் சுற்றிப் பரவும். இரண்டு விநாடி. கம்பியை எடுங்கள், பிறகு அயர்னை எடுங்கள். மூன்று விநாடி. ஆறும்வரை எதையும் அசைக்காதீர்கள், ஊதவும் வேண்டாம். மணல்மேட்டில் நட்ட கொடிக்கம்பம்போல், நாற்புறமும் சரிந்து இறங்கும் சிறு மேடு கிடைத்தால் இணைப்பு நல்லது. உருண்டையாக நின்றால், மீண்டும் அயர்னை வைத்து உருக்குவதற்கு முன் கால் ஆறட்டும். அவசரப்பட்டு ஒரே காலில் நான்கு முறை வைப்பதும் அரை நிமிடம் பிடிப்பதும் ஒன்றுதான்.

எந்தப் பாகம் எதற்கு அஞ்சும்?

எல்.இ.டி.யில் ஒளி தருவது ஒரு சிறு படிகம். அதிலிருந்து ஒரு காலுக்குச் செல்லும் கம்பி மயிரைவிட மெல்லியது. இரண்டையும் ஒளிபுகும் பிளாஸ்டிக் சூழ்ந்திருக்கிறது. சூட்டில் பிளாஸ்டிக் இளகும்போது காலை வளைத்தால் உள்ளேயிருக்கும் கம்பி அறுந்துவிடும். எனவே வளைப்பதையெல்லாம் முதலிலேயே முடித்துவிடுங்கள். 260 டிகிரியில் 5 விநாடிக்கு மேல் கூடாது என்பது எல்.இ.டி.களுக்குத் தயாரிப்பாளர்கள் வழக்கமாகத் தரும் எல்லை. உடலுக்கும் பலகைக்கும் இடையே சிறிது கால் நீளம் விடுவது நல்லது. அதிக நீளமான வழி, வெப்பத்துக்கு அதிக நேரம்.

பாலிஸ்டைரீன் மின்தேக்கிகள் இன்னும் மென்மையானவை. கொதிநீர்ச் சூட்டிலேயே குழைந்துவிடும். சிறிய கண்டென்சர் மைக்கின் முதுகில் இரண்டு திட்டுகள் மட்டும் இருக்கும், கால்களே இல்லை. உள்ளே ஒரு மெல்லிய படலம் நிலையான மின்னூட்டத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நீடித்த சூடு அதைக் கலைத்துவிடும், மைக் செவிடாகிவிடும். இதில் ஒரு விநாடிதான். ஒரு திட்டு முடிந்ததும் ஆறவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஐ.சி.க்குச் சிறந்த வழி, அதைப் பற்றவைக்காமலே இருப்பதுதான்! சாக்கெட் ஒன்றைப் பலகையில் பற்றவைத்துவிட்டு, எல்லாம் ஆறிய பிறகு ஐ.சி.யைச் செருகிவிடுங்கள். சாக்கெட் கிடைக்காவிட்டால், பக்கத்துப் பக்கத்துக் கால்களை வரிசையாகப் பற்றவைக்காமல், இந்த மூலையில் ஒன்று, எதிர்மூலையில் ஒன்று என்று மாறிமாறிப் போங்கள்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

சில ஐ.சி.க்களுக்குச் சூட்டைவிட உங்கள் விரலே ஆபத்தானது. சி.டி.4011 போன்ற சி-மாஸ் வகையைச் சேர்ந்தவை அவை. அவற்றின் உள்ளீட்டு முனைக்கும் படிகத்துக்கும் இடையே சிலிகன் ஆக்சைடு படலம் ஒன்று காவல் நிற்கிறது. பழைய வகைகளில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நூறு வோல்ட் அளவிலேயே அது துளைபட்டுவிடும். உள்ளே சில பாதுகாப்பு டயோடுகளை வைத்திருக்கிறார்கள் என்றாலும் அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு.

பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று சத்தம் கேட்கிறதல்லவா? பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று ஒரு குத்து! அந்தக் குத்து நமக்குத் தெரியவேண்டுமானால் நம் உடலில் 3,000 வோல்ட் அளவுக்கு நிலைமின்சாரம் ஏறியிருக்கவேண்டும். மனித உடலை 100 பிக்கோஃபாரட் மின்தேக்கியாகக் கொள்வது வழக்கம். பாதி, மின்தேக்குத்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கினால் 0.45 மில்லிஜூல் வரும். ஒரு கிராம் எடையை நாலரை சென்டிமீட்டர் தூக்கப் போதுமான ஆற்றல். நமக்கு ஒன்றுமில்லை, அந்தப் படலத்துக்கோ இடி விழுந்ததுபோல. அதைவிட மோசம், நம் உணர்வுக்கே எட்டாத சில நூறு வோல்ட்டுகள். ஐ.சி. செத்தது எப்போது என்றே தெரியாது.

ஆகவே பருத்தி உடையோடு உட்காருங்கள். ஐ.சி.யை எடுக்குமுன் எர்த் செய்யப்பட்ட ஒரு கருவியின் உலோக உடலைத் தொடுங்கள். தண்ணீர்க் குழாயைத் தொடு என்று பழைய புத்தகங்கள் சொல்லும். இன்றைய வீடுகளில் குழாய்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஆகிவிட்டன, பயனில்லை. கால்களைத் தொடாமல் உடலைப் பிடித்து எடுங்கள். ஐ.சி.யைத் தெர்மகோலில் குத்திவைக்காதீர்கள். தெர்மகோல் நிலைமின்சாரத்தின் பிறந்தவீடு. வாங்கிவந்த கறுப்புப் பஞ்சிலோ அலுமினியத் தாளிலோ அது இருக்கட்டும்.

தொழிற்சாலைகளில் மணிக்கட்டில் பட்டை கட்டி எர்த்தோடு இணைத்துக்கொள்வார்கள். அதைப் பார்த்துவிட்டு, வெறும் கம்பியைக் கையில் சுற்றி, சுவரிலுள்ள எர்த் துளையில் செருகிவிடாதீர்கள்! அந்தப் பட்டையில் ஒரு மெகா ஓம் மின்தடை இருக்கிறது. தவறிப்போய் 230 வோல்ட்டைத் தொட்டாலும், ஓம் விதிப்படி 0.23 மில்லி ஆம்பியர்தான் உடலில் பாயும், உணரக்கூட மாட்டோம். வெறும் கம்பியில் அந்தக் காவல் கிடையாது. உயிரே போகும்.

அயர்னிலிருந்தும் ஆபத்து வரலாம். இரண்டு முள் அயர்ன்களில் சூடேற்றும் சுருளிலிருந்து முனைக்கு மின்சாரம் கசிவதுண்டு. பெரியவர் ஒருவரை டெஸ்டரால் முனையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு எரிந்தால் அந்த அயர்ன் ஐ.சி.க்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது. நல்ல அயர்னாக இருந்தாலும் சி-மாஸ் ஐ.சி.யைப் பற்றவைக்கும்போது நான் ஒரு பழைய உபாயத்தைக் கையாள்வேன். நன்றாகக் காய்ந்ததும் செருகியை உருவிவிட்டு, முனையில் தேங்கியுள்ள சூட்டிலேயே இரண்டு மூன்று கால்களை முடிப்பேன். சூடு தணிவதற்குள் நிறுத்திவிட்டு, மறுபடியும் காய வைப்பேன். முதலில் மின்னிணைப்புக் கால்கள் இரண்டும். 4011இல் அவை 7உம் 14உம். மற்றவை பிறகு.

உங்களைப் பற்றியும் சில வார்த்தை

பாகம் போனால் வேறு வாங்கலாம். கண் போனால்? பற்றாசுக்குள் இருக்கும் ரோசின் சில சமயம் படீரென்று தெறிக்கும். மிச்சக் காலை வெட்டும்போது வெட்டுத்துண்டு குண்டுபோல் பாயும். கண்ணாடி அணியுங்கள்; வெட்டும்போது துண்டை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள்.

எழும் புகை காரீயப் புகை என்று பலர் நினைக்கிறார்கள். காரீயம் கொதிப்பது 1,700 டிகிரிக்கும் மேலே. நம் அயர்ன் அதற்கு வெகுதூரம். அந்தப் புகை ரோசினுடையது. அதற்காக அதை முகர்ந்துகொண்டிருக்கலாம் என்பதல்ல. நாள்தோறும் சுவாசித்த தொழிலாளர் பலருக்கு ஆஸ்துமா வந்திருக்கிறது. சன்னலைத் திறந்துவையுங்கள், முகத்தை இணைப்புக்கு நேர் மேலே நீட்டாதீர்கள். விசிறியை இணைப்பின்மேல் வீசவிடவும் வேண்டாம். காற்று அதை ஆறவைக்க, நீங்கள் அதிக நேரம் பிடிக்க நேரும்.

காரீயம் உடலுக்குள் போகும் வழி மூக்கல்ல, வாய். விரலில் ஒட்டி, முறுக்கோடு சேர்ந்து போகும். கை போதாமல் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். அந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம். சாப்பாட்டு மேசையிலும் சமையலறையிலும் இந்த வேலை கூடாது. சிந்திய துளிகளை ஈரத்தாளால் ஒற்றி எடுத்துத் தனியே ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள்.

சுட்டுக்கொண்டால் மசியையோ பற்பசையையோ தேடி ஓடாதீர்கள். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் அதன்மேல் ஓடவிடுங்கள். நேரம் அதிகமாகத் தோன்றும். ஆனால் தோலுக்கு அடியில் தங்கிய சூடு வெளியே வர அவ்வளவு நேரம் வேண்டும்.

வேலை முடிந்ததும் அயர்னைத் துடைத்து அப்படியே அணைத்துவிடுவது பலர் வழக்கம். அண்ணன் அப்படிச் செய்யமாட்டார். அணைப்பதற்கு முன் முனையில் தாராளமாகப் பற்றாசைத் தடவிவிடுவார். ஆறும் முனையைக் காற்றிலிருந்து அது போர்வைபோல் மூடிக்கொள்ளும். மறுநாள் காய்ந்ததும் துடைத்தால் பளிச்சென்று இருக்கும். பிறகு செருகியை உருவி, அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டு, பின்கட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டு இரண்டு கைகளையும் கழுவுவார். அதன் பிறகுதான் எங்களுக்கு டீ சொல்லுவார்.